பேசக் கூடாத படகு

மீன்பிடித் தடைக்காலத்தில் இரண்டு மாதம் ஒரு விசைப்படகில் தனியாகக் குடியிருந்தேன் என்று சொன்னால் வெளியூர் நண்பர்கள் உடனே கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அலை, நிலா, தனிமை, தத்துவம் எல்லாம் அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. நான் கெடுப்பதில்லை. எனக்குத் தெரிந்தது டீசல் நாற்றம், காயாத பனியன், எலி, பக்கத்துப் படகுக்காரன். தத்துவத்துக்கு ஒதுக்கியிருந்த இடத்தில் எலி குட்டி போட்டிருந்தது.

நான் கடற்கரையில் பிறந்தவன். என் அப்பனும் அவனுக்கு அப்பனும் கடலில் இறங்கியவர்கள். எனக்கோ, கரையிலிருந்து கூப்பிடு தூரம் போனால் காலையில் தின்றது மட்டுமல்ல, நேற்றுத் தின்றதும் ஞாபகத்துக்கு வரும். எனவே புத்தகம் படித்தேன். படித்தவனை வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கிட்டங்கிக் காவலனாக வைத்தார்கள். கப்பல்களுக்குக் கயிறும் அரிசியும் பெயிண்டும் எடுத்துக் கொடுக்கும் வேலை. பதினெட்டு வருடம் கொடுத்தேன். ஒரு கப்பலிலும் ஏறியதில்லை. திரும்பி வந்து, சேர்த்ததை எல்லாம் என் மனைவியின் அண்ணனோடு சேர்ந்து பாதிப் படகாக மாற்றினேன். எங்கள் பக்கத்தில் மனைவியின் அண்ணனை அளியன் என்போம், அவரும் என்னை அப்படியே கூப்பிடுவார். கடலுக்குப் போவது அவர், கரையில் நின்று கவலைப்படுவது நான் என்று பாகம் பிரித்துக்கொண்டோம். மாதா கோவிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது யாராவது என்னைப் 'போட்டுக்காரரு' என்று சொன்னால் அந்த வாரம் எனக்கு முதுகுவலி இருக்காது.

போன தடைக்காலம் தொடங்க நான்கு நாள் இருக்கும்போது அளியனுக்குக் குடலிறக்கம். நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் கிடத்தி அறுத்தார்கள். கட்டிலில் கிடந்தபடியே அவர் என்னைக் கூப்பிட்டார்.

"அளியா, போட்டுல ஆள் கெடக்கணும். பகலும் ராத்திரியும்."

"யாரையாவது காவலுக்கு வைப்போம்."

"வச்சா ஆளு இருப்பான், பேட்டரி இருக்காது."

நான் யோசிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன். காலடியில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்காமல் சொன்னாள்: "இவிய வீட்டுல சும்மாதானே இருக்காவ. அங்க போய்ச் சும்மா இருக்கட்டு."

வழக்கு முடிந்தது. அளியன் விரல் விட்டுச் சொன்னார். காலையும் மாலையும் பத்து நிமிடம் மோட்டார் போட்டு, அடியில் ஊறிக் கிடக்கும் வெள்ளத்தை வெளியே அடிக்க வேண்டும். மூன்று நாளைக்கு ஒருமுறை எஞ்சினை ஓட்ட வேண்டும். பக்கப் பலகைக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். "புஸ்தகத்த அதுக்குப் பொறவு வாயிச்சா மதி."

பிறகு குரலை இறக்கினார்.

"தடை முடியுத அன்னைக்கு நம்ம போட்டு எறங்கிரணும். ஒரு நாளு பிந்துனா நம்ம ஆளுவ வேற போட்டுல ஏறிருவானுவ. ஆளு போனா சீசன் போச்சு. அப்பிடி ஆச்சுன்னா, அளியா, தப்பா நெனைக்காதிய. போட்ட வித்திட்டு நீங்க ஒங்க வழி, நான் எனக்க வழி."

மயக்க மருந்து இன்னும் இறங்காத மனிதர் பேசுகிறார் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். கண் தெளிவாக இருந்தது. ஆக, இரண்டு மாதம் ஒரு மரச்சாமானை மிதக்க வைக்க வேண்டும். அது தவறினால் நான் மறுபடியும் வெறும் படித்தவன்.

பக்கத்துப் படகுக்காரனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. என்னாலும் அவனைத் தாண்டாமல் எங்கேயும் போக முடியவில்லை.

அவனுக்கு என் வயதுதான். முழுப் படகும் சொந்தம். படகோட்டுவதும் அவனே. அவனுக்கும் அளியனுக்கும் முந்திய வருடம் ஒரு சண்டை. டீக்கடையில் அவன், எங்கள் படகு ராசியில்லாதது, ஏறினவன் உருப்படமாட்டான் என்று சொல்லியிருக்கிறான். கேட்டு எங்கள் ஆட்கள் மூன்று பேர் இறங்கிப் போய்விட்டார்கள். பதிலுக்கு அளியன், அவன் படகு எஞ்சினுக்கு ஆஸ்துமா என்று சொல்ல, அவன் ஆட்கள் இரண்டு பேர் போனார்கள். பிறகு சட்டை கிழிந்தது. கடைசியில் துறைமுகத்துப் படகுக்காரர்கள் கூட்டம் போட்டு, ஒரு தாடிக்காரப் பெரியவர் தீர்ப்புச் சொன்னார். ஒருவன் படகைப் பற்றி மற்றவனோ அவன் வீட்டு ஆளோ வாயே திறக்கக் கூடாது. நல்லதும் சொல்லக் கூடாது, கெட்டதும் சொல்லக் கூடாது. படகு என்றால் படகு, அதில் இருக்கிற ஆணி முதல் அண்டா வரை எல்லாம் படகுதான். திறந்தவன் மூலையை இழப்பான்.

மூலை என்பது துறைமுகத்தின் உள்கோடி. தடைக்காலத்தில் இருநூறு படகும் தோளோடு தோள் உரசிக் கட்டிக் கிடக்கும்போது அந்த மூலையில் மட்டும் அலை அடிக்காது. இரண்டு படகுக்குத்தான் இடம். முகத்துவாரத்துப் பக்கம் கட்டினால் ஆடிக்காற்றில் பலகை பெயர்ந்துவிடும். எனவே மூலைக்கு எல்லோருக்கும் ஆசை. பெரியவர் அதையும் சண்டை போட்ட இந்த இரண்டு பேருக்கே கொடுத்தார். கடித்துக்கொள்ளும் நாய்களை ஒரே கயிற்றில் கட்டினால் கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று நினைத்திருக்கலாம். அவர் நாய் வளர்த்ததில்லை.

அவன் படகு பெரியது, உயரமானது. அது தளத்தை ஒட்டிக் கிடந்தது. எங்கள் படகு அதற்கு வெளிப்பக்கம், அதன் இடுப்பில் ஒண்டிக்கொண்டு. நான் கரைக்குப் போக வேண்டுமென்றால் அவன் படகில் ஏறி, அவன் அடுப்பைத் தாண்டி, அவன் முகத்தைத் தாண்டி இறங்க வேண்டும். படகில் கக்கூஸ் கிடையாது. மீதியை விளக்க வேண்டியதில்லை. தினமும் விடியும்போது ஒரு வாளியோடு எதிரி நாட்டுக்குள் ஊடுருவினேன்.

"வந்திட்டாரு," என்பான், பல் தேய்த்துக்கொண்டே. "சாரே, நேத்து ராத்திரி என்ன தின்னீரு? நடை வேகமா இருக்கு."

'சாரே' என்பது மரியாதையில்லை. அந்தச் சொல்லில் இவ்வளவு உப்பு இருக்கிறது என்று அவன் வாயில் கேட்டபிறகுதான் தெரிந்தது. திரும்பி வரும்போது, "பொறுமையா வாறாரு பாரு இப்பம். ராசா மாதிரி," என்பான். கேட்க ஆள் இருக்காது. கடலுக்குச் சொல்வான்.

என் சமையலைத் திட்டினான். வயிற்றைத் திட்டினான். மூக்குக் கண்ணாடியை, குறட்டையை, வளைகுடாவை, என்னைப் பெற்றவளைத் திட்டினான். நான் படிக்கும்போது பக்கத்தைத் திருப்புகிற சத்தம் அவனுக்கு எரிச்சல் என்றான். ஆனால் என் காலுக்குக் கீழே முப்பது முழ நீளத்துக்குக் கிடந்த படகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரியவரின் தீர்ப்பு இருந்த தைரியத்தில் ஒருநாள் நான், "ஓய், எல்லாத்தையும் சொல்லுதீரு, ஒண்ண மட்டும் சொல்லலியே?" என்று சீண்டினேன். அவன் வெற்றிலையை ஒதுக்கி, "நான் வாக்குக் குடுத்தவன் ஓய். ஒமக்க அளியனமாதிரி பேதிவாயன் இல்ல," என்றான். சட்டத்துக்கு அடங்கிய எதிரியைப்போல எரிச்சலூட்டுகிறவன் வேறு யாருமில்லை.

நாள் இப்படிப் போகும். காலையில் மோட்டார். பிறகு மழை. மழைக்கு நடுவே பெயிண்ட். மீன் போட்டு வைக்கும் அறைக்கு மேல் பலகை போட்டுத்தான் படுக்கை. கழுவி இரண்டு வாரமாகியும் சென்ற சீசனின் சூரை மீன் அங்கே ஆவியாக உலவிக்கொண்டிருந்தது. ஒரு அரிசிச் சாக்கு நிறையப் புத்தகம் கொண்டுபோயிருந்தேன். மூன்றாம் நாளே எல்லாம் பணியாரம்போல் உப்பிவிட்டன. அவற்றை மடியில் வைத்துப் பிள்ளைக்கு மருந்து தடவுவதுபோலப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காய வைத்தேன். மத்தியானம் கஞ்சி, சுட்ட கருவாடு, பயறு. மாலையில் மறுபடி மோட்டார். பிறகு பேட்டரியில் ஒரு பல்பை மாட்டிக்கொண்டு படிப்பேன்.

மோட்டார் விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒவ்வொரு தடவையும் குழாய் அரை வாளித் தண்ணீரைத் துப்பிவிட்டு வெறும் காற்றை இருமியது. படகில் தண்ணீரே ஊறவில்லை. ஊறாத தண்ணீருக்கு எதற்கு இரண்டு வேளை மோட்டார்? ஒரு வேளை ஆக்கினேன். பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை. எஞ்சின் ஓட்டுவதை அடியோடு விட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த அளியன் போனில் கேட்பார்.

"வெள்ளம் எப்பிடி?"

"காஞ்ச கருவாடு மாதிரி கெடக்கு."

"அப்பிடி இருக்காதே," என்று இழுப்பார். நம்பிக்கை வராத குரல். என்னை மெச்ச மனமில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு விஷயத்தை அப்போதே கவனித்தேன். கவனித்ததோடு சரி. அவன் படகு எங்கள் பக்கமாகச் சற்றே சாய்ந்திருந்தது, ஒட்டுக்கேட்பவன்போல. பின்பக்கக் கட்டுக்குற்றியிலிருந்து எங்கள் குற்றிக்கு ஒரு வடக்கயிறு இழுத்துக் கட்டியிருந்தான். தட்டினால் வீணைபோலப் பேசும். அவ்வளவு இறுக்கம். இரண்டு படகுக்கும் நடுவில் தொங்கிய லாரி டயர்கள் அந்த இறுக்கத்தில் நசுங்கி, ஒவ்வொரு ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் கத்தின. பன்றியை மெதுவாக அறுப்பதுபோன்ற சத்தம். இரவும் பகலும். போதாததற்கு, நான் இடுப்பொடியத் தொங்கிக்கொண்டு அடித்த புது நீலத்தில் டயர்கள் கரியாய்க் கோடு போட்டன. பதினெட்டு வருடம் மற்றவன் படகுக்குப் பெயிண்ட் எடுத்துக் கொடுத்தவன் முதல்முறையாகத் தன் படகுக்கு அடித்த பெயிண்ட் அது.

"ஓய், கயிறக் கொஞ்சம் எளக்கும்," என்றேன்.

"கயிறு எனக்க கயிறு."

"சத்தம் கேக்கல்லியா ஒமக்கு?"

"எனக்கு ஒமக்க கொறட்டை கேட்டுப் பழகிப் போச்சு. இதுல என்ன சத்தம்?"

"பெயிண்ட் போகுதுவே!"

அவன் வாயைத் திறந்தான். என் பின்பக்கப் பலகையைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். பிறகு சொன்னான்: "கயிறத் தொட்டா கை இருக்காது. மனசிலாச்சா?"

எனக்கு மனதில் ஆனது ஒன்றுதான். இவன் வேண்டுமென்றே செய்கிறான்.

தடை முடியப் பத்து நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. அவன் குளித்து, வெள்ளைச் சட்டையும் வேட்டியும் போட்டு, தலையில் எண்ணெய் வழியப் பூசைக்குப் போனான். எனக்கு உடம்பு சரியில்லை, பூசைக்கு வரவில்லை என்று மனைவிக்குப் போன் செய்தேன். அவன் தலை மறைந்ததும் அவன் படகில் ஏறினேன். வடத்தை அவிழ்க்கக் கால்மணி நேரம் ஆனது. அவ்வளவு பாரத்தில் அது முறுகி நின்றது. ஏன் இவ்வளவு பாரம் என்று ஒரு சாதாரண மனிதன் கேட்டிருப்பான். நான் படித்தவன். வெற்றியில் இருந்தேன். இரண்டு முழம் தளர்த்திக் கட்டினேன். எங்கள் படகின் பின்பக்கம் பெருமூச்சு விட்டு ஒரு சாண் கீழே இறங்கியது. டயர்கள் வாயடைத்தன.

ஐம்பது நாளில் முதல் அமைதி. மத்திச் சாளை வாங்கி வைத்திருந்தேன், குழம்பு வைத்தேன். தின்றேன். அட்டையில்லாத ஒரு புத்தகத்தை எடுத்து நெஞ்சில் வைத்தேன். அங்கேயே வைத்துவிட்டேன்.

"சாரே."

கண்ணைத் திறந்தேன். தலைமாட்டில் இருந்த டீ கிளாஸ் மெதுவாக, தானாக, கால்மாட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. மேலே அவன் படகின் ஓரத்தில் வெள்ளைச் சட்டை நின்றது. பூசை முடிந்து, யார் வீட்டிலோ விருந்தும் முடித்து வந்திருந்தான்.

"என்ன?"

"எழும்பும்."

"ஞாயிற்றுக்கெழம ஓய்."

"ஞாயிறானாலும் எழும்பும். எழும்பி ஒமக்க செருப்பப் பாரும்."

குரலில் கேலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது. பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். எஞ்சின் அறை வாசலில் கழற்றிப் போட்டிருந்த என் செருப்புகள் இரண்டும் மிதந்துகொண்டிருந்தன, ஒன்றையொன்று துரத்திக்கொண்டு.

செருப்பைப் பற்றிப் பேசத் தடையில்லை என்று அவன் கணக்குப் பண்ணியிருக்கிறான் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த நேரத்தில் நான் செய்தது ஓலமிட்டதுதான்.

"போட்டு முங்குதுவே! போட்டு முங்குது!"

"நான் ஒண்ணும் பறையல்ல," என்றான் சட்டென்று. சுற்றும் பார்த்தான். "நீருதான் பறஞ்சீரு. வெள்ளத்த அடியும்!"

மோட்டார் சுவிட்சைப் போட்டேன். 'டக்' என்றது. மறுபடி போட்டேன். அந்த 'டக்'கும் இல்லை. 

"பேட்டரி?" என்றான்.

நான் பல்பைப் பார்த்தேன். அவனும் பல்பைப் பார்த்தான்.

"வாயிச்சே தீத்திட்டீரு இல்லியா? எனக்க மாதாவே!"

அதன்பிறகு நான் செய்ததை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. எஞ்சின் அறையில் தண்ணீர் ஏறுகிறது. பதினெட்டு வருடம் தாழ்ந்துகொண்டிருக்கிறது. நான் ஓடிப்போய்ப் புத்தகச் சாக்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அவன் படகில் ஏறப் பார்த்தேன். அவன் தன் மோட்டார்க் குழாயை இழுத்துக்கொண்டு எதிரே வந்தான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான்.

"சாவு வீட்டுல கொண்ட முடியப் போறாரு பாரு!" சாக்கைப் பிடுங்கித் தன் மீன் அறைக்குள் எறிந்தான். அது விழுந்த சத்தத்தில் இரண்டு மூன்று கனத்த நாவல்கள் முதுகொடிந்தது எனக்குக் கேட்டது. "குழாயப் பிடியும்! முக்கிப் பிடியும்! தலைய இல்ல ஓய், குழாய!"

அவன் மோட்டார் உறுமியது. நான் இடுப்பளவு எண்ணெய்த் தண்ணீரில் நின்று குழாயின் வாயை அமுக்கிக்கொண்டிருந்தேன். அவன் மேலே நின்று ஒரு மணி நேரம் என்னைத் திட்டினான். அந்தத் திட்டில் என் பாட்டன் வந்தான், என் கண்ணாடி வந்தது, கல்லூரி வந்தது. படகு வரவில்லை. ஒரு இடத்தில் "இந்தப் பலக..." என்று ஆரம்பித்து, பல்லைக் கடித்து, "இந்தப் பலகாரம் தின்னுத வாயி" என்று முடித்தான். கோபத்தின் உச்சியில் இப்படித் திருப்ப முடிந்த ஒருவனை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

தண்ணீர் வடிந்தது. பின்பக்கம் மேலே வந்தது. வடத்தை அவன் அங்கிருந்து இழுக்க, நான் இங்கிருந்து தள்ள, பழைய இறுக்கத்துக்கே கட்டினான். டயர்கள் கத்தத் தொடங்கின. பிறகு அவன் தன் படகின் ஓரத்தில் குப்புறப் படுத்தான். மடியிலிருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்து, விரலில் வழித்து, இரண்டு படகுக்கும் நடுவில் கையைத் தொங்கவிட்டு, எங்கள் பின்பக்கப் பலகையில் ஒரு வட்டம் போட்டான். என் புது நீலத்தின்மேல், டயருக்கு அடியில். எழுந்து போய்விட்டான்.

நான் தலைகீழாகத் தொங்கிப் பார்த்தேன். வட்டத்துக்குள் இரண்டு பலகை சேரும் இடத்தில் ஒரு விரல் நுழையும் பிளவு. நடுவில் அடைத்திருந்த பஞ்சு அழுகி நாராகத் தொங்கியது. தண்ணீர் மட்டத்துக்குச் சரியாக ஒரு சாண் மேலே.

அவன் பக்கம் பார்த்த பலகை அது. அவன் கண்ணுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும், மேலிருந்து தொங்கிப் பெயிண்ட் அடித்த என் கண்ணுக்கு டயர் மறைத்திருக்கிறது. சொல்லவும் முடியாது, சொன்னால் மூலை போய்விடும். அதனால் ஐம்பது நாளாக என் படகின் பின்புறத்தைத் தன் படகின் தோளில் தூக்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். பிளவு தண்ணீருக்கு மேலே நின்றிருக்கிறது. என் கருவாட்டுப் பெருமையெல்லாம் அந்த வடத்தில் தொங்கியிருக்கிறது.

நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவன் ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே முந்திக்கொண்டான்.

"ஒமக்காண்டின்னு நெனச்சிராதீரும். நான் உள்ள கெடக்கேன், நீரு வெளிய கெடக்கீரு. எனக்க வழி அடஞ்சிரப் பிடாது. அவ்வளவுதான். இல்லன்னா நீரும் ஒமக்க புஸ்தகமும் அடியில கெடந்து மீனுக்கு வாயிச்சுக் குடுத்தா எனக்கென்ன?"

நன்றி வந்த வழியே திரும்பிப் போனது.

மறுநாள் ஓர் ஆசாரியைக் கூட்டிவந்தேன். பின்பக்கத்துப் பாரத்தையெல்லாம் முன்பக்கம் தள்ளி, பிளவை இன்னும் மேலே தூக்கி, அவர் தொங்குபலகையில் உட்கார்ந்து பஞ்சு அடித்து, பசை பூசி அடைத்தார். சுண்ணாம்பு வட்டத்தைப் பார்த்து, "ஆரு அடையாளம் வச்சது? நல்ல கண்ணு," என்றார். நான் மேகத்தைப் பார்த்தேன். பக்கத்துப் படகில் வெற்றிலை மெல்லும் சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது. அன்று மாலையே டீக்கடையில் என் செருப்பு மிதந்த கதை ஓடியது. நடித்தே காட்டினானாம். செருப்பு எதில் மிதந்தது என்பதை மட்டும் சொல்லவில்லையாம். கேட்டவர்கள் ஏதோ குளம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சாக்கை ஒருமுறை கேட்டேன். "காயட்டும்," என்றான். இரண்டாவது தடவை கேட்கத் தைரியம் வரவில்லை. விடியற்காலையில் வாளியோடு போகிறவனுக்குப் பேரம் பேசும் பலம் கிடையாது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, எஞ்சினைத் துடைத்து ஓட்டிப் பார்த்து, மிச்ச நாளெல்லாம் மோட்டாரை மூன்று வேளை போட்டேன். அரை வாளிகூட வரவில்லை. வெறும் காற்றைப் பத்து நிமிடம் கேட்டுக்கொண்டு நின்றேன்.

கடைசி நாள் மத்தியானம் அளியன் வந்தார், வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, கூடவே எங்கள் ஆட்கள் ஒன்பது பேர். ஐஸும் டீசலும் ஏறின. அளியன் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கேயும் நிற்காமல் வந்தவர் பின்பக்கம் குனிந்தார். நிமிரவில்லை.

"அளியா. இது புதுப் பஞ்சுல்லா?"

"ஆமா."

"இங்க விண்டு கெடந்துதா? கடல்ல போய்த் தெரிஞ்சிருந்தா ஒம்பது குடும்பம் அழுதிருக்கும்." ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். "இத ஆரு கண்டது?"

ஆறடி தள்ளி அவன் தன் வலையை அடுக்கிக்கொண்டிருந்தான். முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகும் கேட்டுக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் சுண்ணாம்பைச் சொல்ல வேண்டும், வடத்தைச் சொல்ல வேண்டும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை, பல்பை, செருப்பைச் சொல்ல வேண்டும். கடைசியில் பாதிப் படகுக்காரன் யார் என்பது தெரிந்துவிடும். ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். முங்கவிட்டவன் காவலிருந்த படகில் ஏற அவர்களுக்கு ஒன்பது காரணம் வேண்டும். பொய் சொன்னால் மறுக்க உலகத்தில் ஒரே ஒருவன். அவன் வாக்குக் கொடுத்தவன்.

"நான்தான்," என்றேன். "பெயிண்ட் அடிக்கும்போ கண்ணுல பட்டுது."

கல்யாணமாகி இருபது வருடத்தில் அளியன் என்னை முதல்முறையாக முழுசாகப் பார்த்தார். "கொள்ளாமே, அளியா," என்றார். "நான் ஒங்கள என்னமோன்னு நெனச்சேன்." ஓர் ஆள், "சாருக்குக் கண்ணு கூர்மைதான்," என்றான். அந்தச் 'சார்' உப்பில்லாதது.

அவன் திரும்பினான். வாய் திறந்தது. உள்ளே சிவப்பு தெரிந்தது. என்னைப் பார்த்தான், அளியனைப் பார்த்தான், தூரத்தில் தளத்தில் தாடியைத் தடவிக்கொண்டு நின்ற பெரியவரைப் பார்த்தான். வாய் மூடியது. தாடை இரண்டு முறை அசைந்தது. பிறகு அவன் எங்கள் படகின் பின்பக்கப் பலகையில், பஞ்சு அடைத்த இடத்தில், குறி தவறாமல் துப்பினான். தீர்ப்பில் துப்பலைப் பற்றி ஒன்றும் சொல்லப்படவில்லை.

மறுநாள் காலை பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். வெடி போட்டார்கள். எங்கள் படகு மூலையிலிருந்து விலகி நீலமாக, மிக நீலமாகப் போனது. நான் வழக்கம்போலக் கரையில் நின்று கவலைப்பட்டேன். இரண்டு மாதம் கட்டிக்கொண்டு கிடந்த இடம் காலியானதும் அவன் படகு சாய்வு நிமிர்ந்து, கழுத்து வலி தீர்ந்த ஆள்போல எழுந்து நின்றது. அவனும் கிளம்பினான்.

அப்போதுதான் பார்த்தேன். கேபின் கூரையில் வெயில் படும்படி என் அரிசிச் சாக்கைக் கட்டி வைத்திருந்தான். வாய்க்கயிறு அவிழ்ந்திருந்தது. அவன் ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் என் புத்தகம் ஒன்றிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, வெற்றிலையைத் துடைத்தான்.

"ஓய்!" என்று கத்தினேன்.

அவன் காதில் கையை வைத்து, என்ன என்பதுபோலத் தலையாட்டினான். தளத்தில் நின்ற கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. பெரியவர் தாடியை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்தார்.

"என்ன சாரே? அவனுக்க போட்டுல என்னமும் உண்டா?"

ஆணி முதல் அண்டா வரை எல்லாம் படகுதான். அடுத்த வருடமும் மூலை வேண்டும். அடுத்த வருடமும் காவல் நான்தான் என்று அளியன் போகும்போதே சொல்லிவிட்டார், பெருமையாக.

"ஒண்ணுமில்ல," என்றேன்.

அவன் இன்னொரு தாளைக் கிழித்தான்.